ஏழரை ஒளியாண்டுத் தொலைவில் ஒரு களி உருண்டை

மேலே ஆறிவிட்டது என்று நம்பி ராகிக் களி உருண்டையின் நடுவில் விரலை விட்டவர்களுக்கு, உள்ளே தங்கும் சூடு என்றால் என்னவென்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தருமபுரிப் பக்கம் பிறந்த எங்களுக்கு அந்தப் பாடம் ஐந்து வயதிலேயே முடிந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு களிக்குள் புதிதாக எந்தச் சூடும் உண்டாவதில்லை. ஏற்கெனவே ஏறிய சூடுதான் மெல்லக் கசிகிறது. சின்ன உருண்டை சீக்கிரம் ஆறும், பெரிய உருண்டை நேரம் எடுக்கும். "ஊதித் தின்னுடா, உள்ள நெருப்பு இருக்குது" என்பார் எங்கள் ஆயா. உண்மையில் உள்ளே நெருப்பு இல்லை. நெருப்பின் மிச்சம் இருக்கிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், விண்மீனாகப் பற்றிக்கொள்ளாமல் ஆறிக்கொண்டே போகும், பழுப்புக் குறுமீன் என்று வானியலாளர்கள் அழைக்கும் ஓர் இனமே பாதி புரிந்த மாதிரிதான்.

அப்படி ஆறிக்கொண்டிருக்கும் உருண்டை ஒன்று சூரியனிலிருந்து 7.4 ஒளியாண்டு தொலைவில் தன்னந்தனியாக மிதக்கிறது. சுற்றிவர அதற்கு ஒரு விண்மீன் கிடையாது. அதன் பெயர் வைஸ் 0855-0714. பெயர் என்பதைவிடக் கதவிலக்கம் என்பது பொருந்தும்: கண்டெடுத்த விண்கலத்தின் பெயர், அடுத்து வானத்தில் அது இருந்த இடத்தின் எண்கள். இதுவரை கண்டறியப்பட்ட பழுப்புக் குறுமீன்களில் மிகவும் குளிர்ந்தது இதுதான். அக்கம்பக்க வரிசையிலும் இதற்கு நல்ல இடம் உண்டு. முதலில் பிராக்சிமாவை உள்ளடக்கிய ஆல்ஃபா சென்டாரி விண்மீன் தொகுதி, பிறகு 6 ஒளியாண்டில் பார்னார்டு விண்மீன், 6.5 ஒளியாண்டில் லூமன் 16 என்ற இரட்டைப் பழுப்புக் குறுமீன், அதற்கடுத்து நான்காவதாக இது. (ஏழரை என்றதும் சனி நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. இதற்கும் சனிக்கும் உள்ள ஒரே உறவு, இரண்டுமே பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்பதுதான்.)

இருக்கும் இடத்தைச் சுட்டுவது எளிது. மாமியாருக்கு ஆகாது என்று ஜாதகக்காரர்கள் பாவம் பழிபோடும் ஆயில்ய நட்சத்திரம் இருக்கிறதே, அது ஹைட்ரா என்ற நீர்ப்பாம்பு மண்டலத்தின் தலை. அந்தத் தலையிலிருந்து தெற்கே, கையை நீட்டி மூடிய முட்டியால் அளந்தால் ஒன்றேகால் முட்டி. இன்னொரு வழியும் உண்டு. அதே பாம்பின் நெஞ்சில் ஆரஞ்சு நிறத்தில் ஆல்ஃபார்டு என்ற விண்மீன் இருக்கிறது. அரபியில் அந்தப் பெயருக்குத் தனித்தவன் என்று பொருள். அதற்கு மேற்கே ஒரு முட்டிக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்தால் போதும். பங்குனி பிறக்கும் நாட்களில் இரவு ஒன்பது மணிவாக்கில் அந்த இடம் நம் ஊரில் தலைக்கு மேலே, கொஞ்சம் தெற்காக வந்து நிற்கும்.

பென்னாகரம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானம் காட்டப் போயிருந்தபோது அந்த இடத்தை விரலால் சுட்டினேன். ஏழாம் வகுப்புப் பாப்பா ஒன்று உற்றுப் பார்த்துவிட்டு, "அங்க ஒண்ணுமே இல்லீங்களே சார்" என்றது. மிகச் சரியான கவனிப்பு. நூறு வருடத்துக்கும் மேலாக வானியலாளர்களும் அந்த இடத்தைப் படமெடுத்துவிட்டு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் இத்தனை காலம் எப்படிக் கண்ணில் படாமல் போனார்? தூரம்தான் காரணம் என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் விண்மீன் மண்டலங்களையெல்லாம் நாம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். சிறியது என்பதும் முழுக் காரணம் ஆகாது. இதன் குறுக்களவு ஏறக்குறைய வியாழன் அளவு. சிக்கல் அதன் சூட்டில் இருக்கிறது. நம் உடம்பு, நம் தொலைநோக்கி, அது நிற்கும் கட்டடம், மேலே இருக்கும் காற்று எல்லாம் எந்தச் சூட்டில் இருக்கின்றனவோ, ஏறத்தாழ அதே சூட்டில் அதுவும் இருக்கிறது.

சூடுள்ள எந்தப் பொருளும் ஒளிரும். கொல்லன் உலையில் காய்ச்சும் இரும்பு முதலில் மங்கிய சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு வெண்மை என்று நிறம் மாறுவதைப் பார்த்திருப்போம். சூடு குறையக் குறைய அந்த ஒளி சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குள் இறங்கிவிடும். சுமார் 6,000 டிகிரி சூரியன் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அள்ளி வீசுகிறது. அறைவெப்பத்தில் இருக்கும் ஒரு பொருள் தன் ஒளியைப் பெரும்பாலும் 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டித்தான் வெளியிடும். நீங்களும் நானும் இந்தக் கணத்தில் அந்த அலைநீளத்தில்தான் பளபளத்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே தரையிலிருந்து அந்த ஒளியைத் தேடுவது, பட்டப்பகலில், பெட்ரோமாக்ஸ் விளக்கையே தலையில் வைத்துக்கொண்டு மின்மினி தேடுவதற்குச் சமம். வானமும் கருவியும் இரண்டுமே கண்ணைக் கூசவைக்கும்.

ஊத்தங்கரையைத் தாண்டித் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் நுழைந்தால் ஜவ்வாது மலையில் காவலூர் வரும். அங்கே இருக்கும் வைனு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வானியல் என்றாலே முதலில் காவலூர்தான் நினைவுக்கு வரும். யுரேனஸின் வளையங்களை 1977இல் பதிவு செய்த ஆய்வகங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பெருமை அப்படியே இருக்கட்டும். ஆனால் இந்த உருண்டையைக் காவலூரால் பிடிக்க முடியாது. சிவப்பை ஒட்டிய அகச்சிவப்பில்கூட அது வெறுங்கண்ணுக்குத் தென்படும் மிக மங்கலான விண்மீனைவிடக் கோடிக்கணக்கான மடங்கு மங்கல். நன்றாக ஒளிரும் அலைநீளங்களிலோ நம் காற்றின் நீராவியும் சூடும் குறுக்கே வந்து நிற்கும்.

ஆக, குளிர்ந்ததைப் பார்க்க நாம் அதைவிடக் குளிர வேண்டும். 2009 டிசம்பரில் நாசா அனுப்பிய வைஸ் விண்கலம் இதைத்தான் செய்தது. அதன் தொலைநோக்கி வெறும் 40 சென்டிமீட்டர், வசதியான அமெச்சூர் வானியலாளர் சிலர் வீட்டு மொட்டைமாடியிலேயே அந்த அளவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைச் சுற்றி உறைந்த ஹைட்ரஜனை அடைத்து மைனஸ் 250 டிகிரிக்கு அருகே குளிர்வித்து வைத்திருந்தார்கள். 2010இல் அது முழு வானத்தையும் படமெடுத்தது. குளிரூட்டி தீர்ந்த பிறகும் 3.4, 4.6 மைக்ரான் பார்வைகள் இரண்டும் வேலை செய்தன. இதில் 4.6 மைக்ரான் மிக முக்கியம். குளிர்ந்த உருண்டைகளின் காற்றில் மீத்தேன் நிறைய இருக்கும், அது 3.4 மைக்ரான் ஒளியை விழுங்கிவிடும், 4.6ஐ வெளியே விட்டுவிடும். ஒரு படத்தில் இல்லாமல் இன்னொரு படத்தில் மட்டும் இருக்கும் புள்ளி எதுவோ, அதுதான் சந்தேகப் பேர்வழி.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கெவின் லூமன் தேடியது உண்மையில் வேறொன்றை. சூரியனுக்கே ஒரு மறைந்த துணை இருக்கலாம், அது அவ்வப்போது வால்மீன்களைக் கிளப்பி பூமிமேல் விடுகிறது என்றொரு பழைய ஊகம் உண்டு. அதைச் சோதிக்க, வைஸ் படங்களில் இடம் மாறும் புள்ளிகளை அவர் சலித்தார். மறைந்த துணை கிடைக்கவில்லை. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவைப்போல் 26,000 மடங்கு வரை வியாழனைவிடப் பெரிதாக எதுவும் இல்லை என்பது முடிவு. ஆனால் சல்லடையில் வேறு இரண்டு சிக்கின. 2013இல் அறிவித்த லூமன் 16, 2014 ஏப்ரலில் அறிவித்த வைஸ் 0855-0714. பார்னார்டு தன் விண்மீனை அடையாளம் கண்ட 1916க்குப் பிறகு இத்தனை அருகில் யாரும் புதிய அண்டை வீட்டுக்காரரைக் கண்டதே இல்லை. தேடியதை விட்டுவிட்டுக் கிடைத்ததைக் கொண்டாடியவர்களின் வரிசையில் இவருக்கும் ஓர் இடம் தரலாம்.

அருகில் இருப்பது என்று எப்படித் தெரிந்தது? பஸ் ஜன்னலில் பார்க்கும்போது பக்கத்துப் பனைமரம் விர்ரென்று ஓடும், தொலைவில் வத்தல்மலை அசையாது. இந்த உருண்டை ஆண்டுக்கு 8.1 வினாடிக்கோணம் (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு வினாடிக்கோணம்) நகர்கிறது. முழுநிலவின் அகலத்தைக் கடக்க அதற்குச் சுமார் 220 ஆண்டு ஆகும். ஆமை வேகமாகத் தோன்றலாம், ஆனால் சூரியக் குடும்பத்துக்கு வெளியே இதைவிட விரைவாக வானத்தில் இடம் மாறுபவை பார்னார்டு விண்மீனும் கப்டைன் விண்மீனும் மட்டுமே. பிறகு ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியால் பலமுறை படமெடுத்து, பூமி சூரியனைச் சுற்றும்போது அது அசையும் அளவை வைத்துத் தூரம் கணக்கிட்டார்கள்.

பழுப்புக் குறுமீன் என்ற எண்ணம் அதைக் கண்ணால் காண்பதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே பிறந்துவிட்டது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த சிவ் குமார் 1960களின் தொடக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்: வாயுமேகம் சுருங்கி விண்மீன் ஆகும்போது, எடை ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் மையத்தில் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளாது. அந்த அளவு, இன்றைய கணக்கில், வியாழனைப்போல் சுமார் 75 முதல் 80 மடங்கு. அதற்குக் கீழே எலக்ட்ரான்கள் இதற்கு மேல் நெருங்க முடியாது என்று முரண்டு பிடிக்க ஆரம்பித்துவிடும், சுருக்கம் நின்றுவிடும், மையம் போதிய சூட்டை எட்டாது. சுருங்கியபோது ஏறிய சூடு மட்டும் மிஞ்சும். களிதான், வேறென்ன. சிவ் குமார் இவற்றைக் கருங்குறுமீன் என்றார். 1975இல் வானியலாளர் ஜில் டார்ட்டர் அதைப் பழுப்பு ஆக்கினார். நேரில் பார்த்தால் இவை பழுப்பாக இருக்காது, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. 1995இல்தான் முதல் உறுதியான சான்றுகள் வந்தன: டெய்டே 1, கிளீஸ் 229பி என்ற இரண்டு பழுப்புக் குறுமீன்கள். இரண்டாவதைக் கண்ட குழுவில் ஸ்ரீநிவாஸ் குல்கர்னி இருந்தார். அதன்பின் சூட்டை வைத்து எல், டி என்று வகுத்தார்கள். கடைசி வகுப்பான ஒய்க்கு ஆள் கிடைக்க வைஸ் வரவேண்டியிருந்தது. 2011இல்தான் அந்த வகுப்பு திறந்தது.

இப்போது சூட்டுக் கணக்கு. 2014 அறிவிப்பில் மைனஸ் 48 முதல் மைனஸ் 13 டிகிரி செல்சியஸ் என்றார்கள். அதைப் படித்துவிட்டு "பனிக்கட்டி நட்சத்திரம்" என்று தலைப்புப் போட்டவர்கள் ஏராளம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதன் ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துப் பதிந்த நிறமாலை வந்தபிறகு, 2024இல் எண் மேலே ஏறியது: 285 கெல்வின், அதாவது சுமார் 12 டிகிரி. ஓசூருக்கு அந்தப்பக்கம் தளியில் மார்கழி விடியலில் குல்லாயும் கம்பளியுமாகப் பால் வாங்க நின்றவர்களுக்கு அந்தக் குளிர் பழக்கம்தான். ஒளி கசிந்து வெளியேறும் மேலடுக்கின் சூடு மட்டுமே இது. களி மாதிரியே, உள்ளே போகப்போக ஏறும்.

இங்கேதான் களி உவமை ஒரு சங்கடத்தையும் கொண்டுவருகிறது. துணி போட்டு மூடிய தட்டில் கைவைத்து, வெதுவெதுப்பாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால், அது இப்போதுதான் இறக்கிய சின்ன உருண்டையா, விடியற்காலை இறக்கிய பெரிய உருண்டையா என்று எப்படிச் சொல்வது? துணியை விலக்கி அளவைப் பார்க்கலாம் என்பீர்கள். பழுப்புக் குறுமீன்களில் அந்த வழியும் அடைபட்டுக் கிடக்கிறது. எடை 5 வியாழன் ஆனாலும் 50 ஆனாலும் குறுக்களவு ஏறக்குறைய ஒன்றே. எடை கூடினால் கெட்டியாகும், பெரிதாகாது. அதனால்தான் வைஸ் 0855-0714இன் எடையை 3 முதல் 10 வியாழன் என்று இத்தனை அகலமாகச் சொல்கிறார்கள். வயது 100 கோடி ஆண்டா, 1,000 கோடி ஆண்டா என்பதைப் பொறுத்தது அது.

ஒரு துப்பு மட்டும் கிடைத்தது, எனக்கு இந்தக் கதையில் ஆகப் பிடித்த இடம் இதுதான். டியூட்டீரியம் என்பது சற்று எடை கூடிய ஹைட்ரஜன். சாதா ஹைட்ரஜனைவிட எளிதில் பற்றிக்கொள்ளும். விறகுக்கு முன்னால் காய்ந்த பன்னாடை பற்றுவதுபோல. வியாழனைப்போல் சுமார் 13 மடங்கு எடை இருந்தாலே அது எரிந்து தீர்ந்துவிடும். வெப் எடுத்த நிறமாலையில், ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் அமர்ந்த மீத்தேன் தென்பட்டதாக 2024இல் அறிவித்தார்கள். அளந்து பார்த்தால், சூரியன் பிறந்த மேகத்தில் இருந்த விகிதமே, லட்சத்துக்கு இரண்டு என்ற கணக்கு, இங்கேயும் இருந்தது. பன்னாடை அப்படியே கிடக்கிறது. ஆக, இந்த அடுப்பு ஒருநாளும் பற்றவே இல்லை. எடை 13 வியாழனுக்குக் கீழேதான் என்பதற்குச் சாட்சி இது.

காற்றில் நீராவி, மீத்தேன், அம்மோனியா எல்லாம் இருக்கின்றன. நீரால் ஆன மேகங்கள் மிதக்கலாம் என்று முன்பு வந்த ஆய்வுகள் சொன்னபோது ஒரே பரபரப்பு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இன்னொரு புதிர், பாஸ்பரஸும் ஹைட்ரஜனும் சேர்ந்த பாஸ்பீன் வாயு. வியாழனின் காற்றில் அது தாராளமாக உண்டு. வியாழனின் அண்ணன் போன்ற இதில் இன்னும் கூடுதலாக இருக்கவேண்டும், இருப்பதோ நூறு கோடிக்கு ஒன்று என்ற சொற்ப அளவு. 2025இல் உல்ஃப் 1130சி என்ற வேறொரு பழுப்புக் குறுமீனில் அதைப்போல் நூறு மடங்கு பாஸ்பீன் கிடைத்தது. ஒரே சமையல் குறிப்பு, ஒரு பாத்திரத்தில் உப்பு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. வெள்ளிக் கோளில் பாஸ்பீன் இருப்பதாகச் செய்தி வந்ததும் அது உயிரின் அடையாளமா என்று கேட்பவர்கள், இந்த எளிய உருண்டைகளில்கூட அதன் கணக்கு இடிக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, இதை விண்மீன் இனத்தில் சேர்ப்பதா, கோள் இனத்திலா? எடையை மட்டும் பார்த்தால் கோள். தனியாக இருப்பதைப் பார்த்தால் விண்மீனின் சோதாப் பிள்ளை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூர்ப் பக்கம் மாங்கன்று வளர்ப்பவர்களிடம் கேட்டால் பிரச்சினையை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்: கொட்டை போட்டு முளைத்ததா, ஒட்டுக் கட்டியதா? பழம் பார்க்க ஒன்றாகத் தெரியலாம், பிறந்த வழி வேறு. ஒட்டுக் கன்றின் அடித்தண்டில் ஒரு தழும்பு இருக்கும். இங்கேயும் கேள்வி பிறப்பைப் பற்றியதுதான். விண்மீன்களைப்போல வாயுமேகம் நேரே சுருங்கித் திரண்டது ஒரு வழி. வேறொரு விண்மீனைச் சுற்றிய வாயு, தூசித் தட்டில் கோளாகப் பிறந்து, பெரிய உடன்பிறப்புகளின் இழுபறியில் வெளியே எறியப்பட்டது இன்னொரு வழி. ஆனால் இந்த உருண்டையின் அடித்தண்டில் தழும்பு இல்லை. உலக வானியல் சங்கத்தின் குழுவொன்று 13 வியாழனுக்குக் கீழே தனியாக மிதப்பவற்றைக் கோள் என்று அழைக்கவேண்டாம் என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல்லிப் பார்த்தது. பாதிப்பேர் அதைக் கேட்கவில்லை. எனக்கும் அந்தக் கோடு கொஞ்சம் செயற்கையாகத்தான் படுகிறது. டியூட்டீரியம் எரிந்ததா என்பது ஒருவரின் சமையலறையைப் பற்றிச் சொல்லும், பிறந்த வீட்டைப் பற்றிச் சொல்லாது.

மேகம் சுருங்கி இத்தனை சிறிதாகத் திரள முடியும் என்பதற்குச் சான்று வந்துகொண்டிருக்கிறது. 2023இல் லூமன் குழுவே வெப் மூலம் ஐசி 348 என்ற இளம் விண்மீன் கூட்டத்தில் 3 முதல் 4 வியாழன் எடையுள்ள ஒன்றைக் கண்டது. அதே ஆண்டு ஓரியன் நெபுலாவில் வியாழன் எடையுள்ள பொருள்கள் சுமார் 40 ஜோடிகளாக மிதக்கின்றன என்று வேறொரு குழு அறிவித்தது. எந்த வழியில் பிறந்தாலும் அத்தனை ஜோடி வரக்கூடாது என்பதால் பெரிய சலசலப்பு. அடுத்த ஆண்டே லூமன் அதே படங்களை அலசி, அவற்றில் பெரும்பாலானவை பின்னாலிருக்கும் வேறு ஒளிப்புள்ளிகள் என்றார். யார் சரி என்பது இன்னும் இழுபறி. 620 ஒளியாண்டு தொலைவில் சா 1107-7626 என்ற குட்டி ஒன்று, 5 முதல் 10 வியாழன் எடைதான், தன்னைச் சுற்றிய தட்டிலிருந்து வினாடிக்கு 600 கோடி டன் வாயுவையும் தூசியையும் விழுங்கியதை 2025இல் பார்த்தார்கள். தனியாக மிதக்கும் சின்னப் பயல் பசியில் மட்டும் விண்மீனை உரித்து வைத்திருக்கிறான்.

பிள்ளைகள் கடைசியில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அது நம்ம மேல வந்து மோதுமாங்க சார்?" 7.4 ஒளியாண்டு என்றால் சுமார் 70 லட்சம் கோடி கிலோமீட்டர். வாயேஜர் 1 வேகத்தில் போனால் 1 லட்சத்து 30 ஆயிரம் ஆண்டு. கல்லூரி முடிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

எனக்கு வேறொரு கேள்விதான் ஓடுகிறது. வைஸ், பிற்காலத்தில் நியோவைஸ் என்ற பெயரில் சிறுகோள்களைத் தேடி, 2024 ஆகஸ்டில் ஓய்வு பெற்று, அதே நவம்பரில் வளிமண்டலத்தில் எரிந்துபோனது. 40 சென்டிமீட்டர் கண்ணாடிக்கு எட்டிய ஆகக் குளிர்ந்த அண்டை வீட்டுக்காரர் இதுவே. இதைவிடச் சிறியதும் பழையதுமான ஒன்று, மைனஸ் 100 டிகிரிக்கு ஆறியது, நமக்கும் பிராக்சிமாவுக்கும் நடுவில் இருந்தால்கூட அதற்குத் தெரியாமல் போயிருக்கலாம். அடுத்து அனுப்பத் தயாராகிவரும் நியோ சர்வேயர் விண்கலத்துக்கும் வேலை சிறுகோள் தேடுவதுதான். அதன் கண்ணாடி 50 சென்டிமீட்டர், பார்வை 10 மைக்ரான் வரை எட்டும். படங்கள் வந்தபிறகு யாராவது சல்லடையோடு உட்கார வேண்டும்.